பட்டாசலுக்குப் புரொஜெக்டரா, டிவியா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. மதினிக்கு மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தீர்கள், ஆறுதலாக இருந்தது. தென்காசியில் ஆனிக் காற்று தொடங்கிவிட்டது. சாரல் வருகிறது, போகிறது.

டிவியைக் கழித்துவிட்டு, நடுக்கூடமான பட்டாசலில் புரொஜெக்டர் மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். விலையும் அங்குலமும் அப்புறம். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் சுவரில் விழும் வெளிச்சம். டிவி கருப்பு வேண்டிய இடத்தில் தன் ஒளியை அடைத்துக்கொள்ளும். புரொஜெக்டரால் கருப்பை அடிக்கவே முடியாது. அது ஒளி அடிக்காமல் விட்ட இடத்தில் சுவர் எப்படித் தெரிகிறதோ, அதுதான் படத்தில் கருப்பு. சுவர் வெளுத்துக் கிடந்தால் கதாநாயகியின் கூந்தலும் வெளுக்கும். எத்தனை ஆயிரம் கொட்டி வாங்கினாலும் இது மாறாது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூலைக்கு மூலை 100 அங்குலப் படம் என்றால் அகலம் 221 செ.மீ., உயரம் 125 செ.மீ., பரப்பு 2.75 சதுர மீட்டர். கருவி வெளிவிடும் மொத்த ஒளியைத் தர முறைப்படி அளந்து சொல்வது ஆன்சி லூமென், சுவரில் விழும் ஒளியின் அளவு லக்ஸ், சுவர் நம் கண்ணுக்குக் காட்டும் பிரகாசத்தின் அளவு நிட்ஸ். 1000 ஆன்சி லூமென் உள்ள கருவி அதில் சுமார் 360 லக்ஸ் கொடுக்கும். பளபளப்பில்லாத வெள்ளைச் சுவரில் அது ஏறக்குறைய 115 நிட்ஸ் பிரகாசம். டிஜிட்டல் தியேட்டருக்கு வகுத்திருக்கும் அளவே 48 நிட்ஸ்தான், ஆகவே விளக்கணைத்த இரவில் இது தாராளம். டியூப்லைட் எரிந்து சுவரில் 100 லக்ஸ் விழுகிறது என்று வையுங்கள். வெள்ளை 460, கருப்பு 100. நாலரை மடங்குதான் வித்தியாசம். பகல் வெளிச்சத்தில் நடக்கும் கிரிக்கெட் ஒருவாறு தெரியும். படத்தில் இரவுக் காட்சி வந்தால் ஒன்றும் புரியாது.

இந்த விஷயத்தில் டவுனில் உங்கள் வளவு வீடு வாய்த்த வீடு. இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு ஒட்டியவை, ஜன்னல் கிடையாது. வெளிச்சம் முன்பக்கத் தார்சா வழியாகவும் முற்றம் வழியாகவும்தான் வரும். அந்த இரண்டு வாசலுக்கும் கெட்டித் துணியில் அடர்நிறத் திரை போட்டால் மத்தியானத்திலும் படம் பார்க்கலாம். புதுக் காலனி வீடுகளில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த ஹாலுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன், அங்கே டிவிதான்.

முன்வாசலும் பின்வாசலும் நேர்கோட்டில் இருப்பதால் பக்கச் சுவரில்தான் படம் விழ வேண்டும். பட்டாசல் அகலம் 11 அடி என்றீர்கள், அதாவது 335 செ.மீ. கருவியின் நீளம் 30, பின்னால் காற்றோட்டத்துக்கும் ஒயருக்கும் 30 போனால் லென்சுக்கும் சுவருக்கும் 275 செ.மீ. மிஞ்சும், 270 என்றே வைப்போம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். விவரக் குறிப்பில் 'த்ரோ ரேஷியோ' என்று ஒரு எண் இருக்கும். தூரத்தை அதால் வகுத்தால் படத்தின் அகலம். 1.2 என்றால் 225 செ.மீ., 100 அங்குலம் வந்துவிடும். 1.5 என்றால் 180 செ.மீ., 81 அங்குலத்தோடு நின்றுவிடும். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

அடுத்து உயரம். படத்தின் அடி தரையிலிருந்து மூன்றடியில் இருந்தால் மேல்விளிம்பு ஏழடியில் வரும். நுண்கண்ணாடிகளால் படம் காட்டும் டிஎல்பி வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் லென்ஸ் மட்டத்துக்குச் சற்றுக் கீழேதான் படம் தொடங்கும். உங்கள் மட்டப்பாவோ, அதாவது மேல்தளமோ, பன்னிரண்டடி உயரத்தில். ஆகவே நாலரை அடிக் குழாய் வைத்து உத்திரத்தில் திருகுங்கள், கட்டைகளுக்கு இடையிலுள்ள காரையில் வேண்டாம், பிடிக்காது. எதிர்ச்சுவரில் ஏழடி உயரத்தில் தாங்கி அடித்து மாட்டுவது இன்னும் எளிது. எப்படி மாட்டினாலும் லென்ஸ் சுவருக்கு நேராகப் பார்க்க வேண்டும். சாய்த்து வைத்துவிட்டு 'கீஸ்டோன்' போட்டுச் சதுரமாக்கலாம் என்பார்கள். அது படத்தைச் சுருக்கி வளைப்பது, பிக்சல் வீணாகும், எழுத்து மழுங்கும்.

சுண்ணாம்பு அடித்த சுவரில் அப்படியே போடாதீர்கள். மேடுபள்ளம் எல்லாம் முகங்களில் தெரியும். எட்டடிக்கு ஐந்தடி அளவுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, மேட் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட் அடித்தால் போதும். புரொஜெக்டர் திரை வாங்கும் பணத்தை ஸ்பீக்கருக்கு வையுங்கள். கருவி தலைக்குப் பின்னால் இருக்கும், அதன் சிறு ஸ்பீக்கரும் பின்னாலிருந்தே பேசும். பேசுகிற முகம் ஒரு பக்கம், குரல் மறுபக்கம் என்றால் பத்து நிமிஷத்தில் சலித்துவிடும். படத்துக்குக் கீழே சவுண்ட்பார் வைத்து ஒயரிலேயே இணையுங்கள். புளூடூத்தில் குரல் உதட்டசைவுக்குப் பின்தங்கும்.

எந்தக் கருவி என்றால், '4கே சப்போர்ட்' என்பதையும் வெறும் 'லூமென்' என்பதையும் நம்ப வேண்டாம். உள்ளே வரும் படத்தை ஏற்றுக்கொள்ளும் என்பது மட்டுமே அந்த 'சப்போர்ட்'. கருவியின் சொந்தப் பிக்சல் எண்ணிக்கையைச் சொல்லும் 'நேட்டிவ்' என்ற வரியில் 1920 x 1080 இருக்க வேண்டும். ஆன்சி என்ற சொல் லூமெனோடு சேர்ந்து இருக்க வேண்டும்.

மலிவான எல்சிடி கருவிகளில் குளிர்விக்கும் காற்று படம் உண்டாகும் தகட்டை ஒட்டியே ஓடும். ஆடிக் காற்றுப் புழுதியும், பழைய உத்திரத்திலிருந்து உதிரும் தூளும் அதில் படிந்து படத்தில் மங்கல் புள்ளிகளாக நிற்கும். ஒளிப்பகுதி முழுக்க மூடிய கருவியாகக் கேளுங்கள். ஃபில்டர் இருந்தால் ஆனி முதல் ஆவணி வரை மாதம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பல கருவிகளுக்கு 35 அல்லது 40 டிகிரிதான் வரம்பு. சித்திரை வெயிலில் மட்டப்பாவை ஒட்டி அதைத் தாண்டும், கருவி தானே அணைந்துவிடும். குழாய் வைத்துத் தாழ்த்தச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

பல்பு வகை வேண்டாம் என்பேன். தினம் நாலு மணி நேரம் ஓட்டினால் வருஷத்துக்கு 1460 மணி, 4000 மணி ஓடும் பல்பு மூன்று வருஷத்துக்குள் முடியும். கரண்ட் திடீரென்று போனால் விசிறி நின்று சூட்டோடு பல்பு கெடும். லேசர் என்றால் பொதுவாக 20,000 மணி நேரம். எதுவானாலும் ஒரு யுபிஎஸ் வையுங்கள்.

இவ்வளவும் இரவுக்கும், வாசல்திரை போட்டு இருட்டாக்கிய நேரத்துக்கும்தான். மதினி பகலில் சீரியல் பார்ப்பதற்கும், காலையில் நீங்கள் பல் துலக்கிக்கொண்டே செய்தி கேட்பதற்கும் இது ஆகாது. பழைய டிவியைக் கழிக்காமல் தார்சாவுக்கு மாற்றுங்கள். ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் நான் டிவி பக்கம்தான்.

முன்பணம் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். போனில் லக்ஸ் அளக்கும் ஆப் போட்டு, போனின் முதுகைச் சுவரில் ஒட்டினாற்போல் பிடித்து, மத்தியானம் ஒருதரம், நாலு மணிக்கு ஒருதரம், வாசல்திரை போட்டு ஒருதரம் அளந்து மூன்று எண்ணையும் எழுதுங்கள். திரை போட்டு அளந்த எண் 10-க்குக் கீழே இருந்தால் தைரியமாக வாங்கலாம். 50-ஐத் தாண்டினால் துணியை மாற்றிவிட்டு மறுபடி அளப்போம்.

அன்புடன்,
தென்காசியிலிருந்து உங்கள் தம்பி