வெளிநாட்டு முகவரிகள்: ஞாயிறு மாலைக்குள் தேவை

அனைவருக்கும் வணக்கம். வெளிநாடுகளில் வசிக்கும் உறுப்பினர்களுக்கு ஆண்டு மலர் வரும் திங்கட்கிழமை அஞ்சலில் அனுப்பப்பட உள்ளதால், தங்கள் முகவரியை ஞாயிறு மாலை 6 மணிக்குள் கீழ்க்கண்டவாறு எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. முகவரி முழுவதும் ஆங்கில எழுத்துகளில் இருக்க வேண்டும்.

2. நாட்டின் பெயரைச் சுருக்காமல், கடைசி வரியில், தனியாக, பெரிய எழுத்துகளில் எழுதவும். அதன் கீழே தொலைபேசி எண் உட்பட எதுவும் வேண்டாம். அனுப்பும் நாட்டில் அஞ்சலைப் பிரிப்பவர்கள் தேடுவது அந்த வரியைத்தான்.

3. அஞ்சல் குறியீடு அந்தந்த நாட்டு வழக்கப்படியே இருக்கட்டும். ஜெர்மனியிலும் பிரான்சிலும் அது ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும் (10115 பெர்லின் என்பதுபோல); அமெரிக்காவில் மாநிலத்துக்குப் பின்னால் வரும்; பிரிட்டனில் ஊருக்குக் கீழே தனி வரியாக நிற்கும். ஜெர்மனியில் வீட்டு எண்கூடத் தெருப் பெயருக்குப் பின்னால்தான் வரும் என்பதால், பிழையென்று எண்ணி யாரும் அதை மாற்ற வேண்டாம்.

4. பிறர் வீட்டில் தங்கியிருப்போர், அஞ்சல் பெட்டியில் ஒட்டியுள்ள பெயரையும் சேர்க்கவும்.

5. அனுப்புநர் முகவரியை உறையின் இடது மேல் மூலையில் நாங்களே எழுதிவிடுவோம்.

முகவரியைக் குழுவில் பதிவிடாமல், ஒருங்கிணைப்பாளருக்குத் தனிச்செய்தியாக அனுப்பிவிட்டு, இங்கே ‘அனுப்பியாயிற்று’ என்று மட்டும் பதிலளிக்கவும்.