சாவி, விளக்கு, விசில்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

பிள்ளைகளுக்காக நாம் நடத்தும் விளையாட்டுப் பயிற்சியின் இந்தப் பருவம் முடிந்து, கோல் வலைகளைக் கழற்றி மடித்து வைத்தாயிற்று. அடுத்த பருவம் தொடங்குமுன் சொல்லிவிட வேண்டிய நன்றி இது. கால் வழுக்கக்கூடிய வயதில், வழுக்கிவிடக் காத்திருக்கும் சூழலில் வளரும் பிள்ளைகளிடம் ஒரு பந்தைக் கொடுத்தால் போதும், தப்புத்தண்டா பக்கம் போகமாட்டார்கள் என்று மேடைகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பந்து தானாக எதையும் செய்வதில்லை. கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, விசில் யார் கையில் இருக்கிறது, தோற்றவன் அடுத்து எங்கே போகிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவற்றைப் பார்த்துக்கொண்டவர்களுக்கே இந்த மடல்.

முதல் வணக்கம் மைதானச் சாவி வைத்திருக்கும் அண்ணனுக்கு. பள்ளி விட்டதற்கும் வீட்டுப் பெரியவர்கள் வேலையிலிருந்து திரும்புவதற்கும் இடைப்பட்ட இரண்டு மூன்று மணி நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். அமெரிக்காவில் சிறார் வன்முறை பள்ளி நாட்களில் பிற்பகல் 3 மணியை ஒட்டி உச்சத்துக்குப் போவதைக் காவல்துறைப் பதிவுகளே காட்டுகின்றன. கொஞ்சம் வளர்ந்த இளைஞர்களுக்கு ஆபத்தான நேரம் நள்ளிரவு. 1986இல் மேரிலாந்தில் தொடங்கிய நள்ளிரவுக் கூடைப்பந்து இரவு 10 மணிக்கு மேல் நடந்தது அதனால்தான். யாருக்கு எந்த நேரம் என்று பார்த்துக் கதவைத் திறக்க வேண்டும். சொன்ன நேரத்தில் திறக்க வேண்டும். பத்து நிமிடம் பிந்தினால் வாசலில் நிற்கும் இருபது பேரில் ஐந்தாறு பேர் தெருமுனைக்கு நழுவிவிடுவார்கள். அங்கே அவர்களை எதிர்பார்த்து நிற்பவர்கள் ஒருநாளும் பிந்துவதில்லை.

விளக்குகளைத் திருப்பிக் கட்டிய மின்பணியாளர்களுக்கும் நன்றி. கோல்கீப்பரின் கண்ணில் நேராக அடித்த வெளிச்சத்தைப் பக்கவாட்டுக்கு மாற்றியது ஒரு வேலை. அதைவிடப் பெரியது, மைதானத்திலிருந்து பெரிய சாலை வரையிலான பாதைக்கு ஒரு விளக்கைப் போட்டது. பெண்பிள்ளைகள் வராமல் போவதற்கு ஆர்வக்குறைவைக் காரணமாகச் சொல்வார்கள். இருட்டான பாதையும் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையும் பெண் பயிற்சியாளர் இல்லாததுமே பெரும்பாலும் காரணம்.

உபகரண அறையைக் கவனித்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இரண்டு பேருக்கு ஒரு பந்து இருந்தால் காத்திருப்பு இல்லை. பதினைந்து பேருக்கு ஒரு பந்து என்றால் பதினான்கு பேர் சும்மா நிற்பார்கள், சீண்டலும் சண்டையும் அந்த வரிசையில்தான் முளைக்கும். பந்துகள் சீக்கிரம் செத்துப்போவதற்குப் பெரும்பாலும் காற்றடிக்கும் ஊசிதான் காரணம். உலர்ந்த ஊசியைச் செருகினால் வால்வின் ரப்பர் கிழிந்துவிடும். ஒரு சொட்டு கிளிசரின் தடவி, நேராக, மெதுவாக இறக்க வேண்டும். கால்பந்தில் காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டல அளவுக்குள் இருக்க வேண்டும். கரடான தரையில் கீழ் அளவே நல்லது. இந்த வேலையைப் பொறுமையில்லாத பையன் ஒருவனிடம் ஒப்படைத்து, பந்துக் கணக்கு நோட்டையும் அவனிடமே கொடுத்தீர்கள் பாருங்கள், அது எந்த அறிவுரையையும்விட நன்றாக வேலை செய்யும் உத்தி.

பயிற்சியாளர்களுக்கு: 90 நிமிடத்தில் ஆட்டத்துக்கு 20 நிமிடம்தான் என்று பிள்ளைகள் முணுமுணுத்தாலும் நீங்கள் அசையவில்லை. வருகைக்கு 10, உடலைச் சூடேற்ற 15, பயிற்சிக்கு 30, ஆட்டத்துக்கு 20, கடைசி 15 நிமிடம் வட்டமாக உட்கார்ந்து பேச்சு. அந்தக் கடைசி 15தான் திட்டத்தின் உயிர். நேரம் போதாதபோது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். அங்கே உபதேசம் கூடாது. "கோபம் வந்த நொடியில் கை எங்கே போனது?" என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். பதினைந்து பேருக்கு ஒரு பயிற்சியாளர், ஆனால் எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் என்ற விதியையும் நீங்கள் தளர்த்தவில்லை. பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

குத்துச்சண்டைக் கூடத்துக்காரர்களுக்கு நன்றி சொல்லும்போது ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. குத்துச்சண்டை, மல்யுத்தம், பளு தூக்குதல் போன்றவற்றில் சேர்ந்த சிறுவர்களிடம் சமூக விரோத நடத்தை கூடியதாக 2005இல் வெளியான ஒரு நார்வே ஆய்வு சொல்கிறது. விளையாட்டின் மேல் பழி போட இது போதாது. கூடத்தில் எதற்கு மதிப்பு என்பதைப் பொறுத்தது. முதல் வாரங்களில் கால் நகர்வும் நிழல் குத்தும் மட்டும், எதிராளியோடு மோதுவது எடை பார்த்து, பல்காப்பு மாட்டிய பிறகு, வெளியே கை நீட்டியவனுக்கு அந்த வாரம் கையுறை கிடையாது, ஆனால் கயிறு தாண்ட வந்தே ஆகவேண்டும் என்ற உங்கள் ஒழுங்குதான் வித்தியாசம்.

"வராதே" என்று யாரையும் விரட்டாத நடுவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும். சிவப்பு அட்டை வாங்கியவன் அடுத்த ஆட்டம் ஆடக் கூடாது, சரி. ஆனால் அன்று ஸ்கோர் எழுத, கோன்களை எடுத்து வைக்க வரவேண்டும். வீட்டுக்கு அனுப்புவது தண்டனை இல்லை, தெருமுனைக்குக் கொடுக்கும் பரிசு. நடுவரே இல்லாத ஆட்டத்தையும் சில வாரம் நடத்திக் கொடுத்தீர்கள். 1994இல் கால்பந்து வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் சுட்டுக்கொல்லப்பட்ட கொலம்பியாவின் மெதஜின் நகரில் அதன் பிறகு உருவான முறை அது: ஆட்டத்துக்கு முன் இரு அணியும் விதியைப் பேசி முடிவு செய்யும், ஆடும், பிறகு உட்கார்ந்து நேர்மைக்குப் புள்ளி போடும். முதல் நாலைந்து தடவை கூச்சல்தான். பொறுக்க வேண்டும்.

போட்டி அட்டவணை போட்ட கணக்குப் பிள்ளைக்கு ஒரு பெரிய கும்பிடு. எட்டு அணிகளை நாக் அவுட்டில் விட்டால் முதல் சுற்றிலேயே நான்கு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வெளியே போய்விடும். முதலில் வெளியேறுபவர்கள் யார்? விளையாட்டு யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள். இரண்டு பிரிவாக, பிரிவுக்கு நான்கு அணியாக லீக் வைத்தால் 12 ஆட்டம், ஒவ்வொரு அணிக்கும் மூன்று உறுதி. அணி பிரிக்கக் கேப்டன்களை விடாமல் சீட்டுக் குலுக்கியதும் நல்லது; கடைசியாகக் கூப்பிடப்பட்டவன் அடுத்த வாரம் வரமாட்டான். கென்யத் தலைநகர் நைரோபியின் மதாரே குடிசைப் பகுதியில் 1987 முதல் நடக்கும் இளைஞர் விளையாட்டுச் சங்கம், குப்பை அகற்றிய அணிக்கு லீக் பட்டியலில் புள்ளி கொடுக்கிறது. அடுத்த பருவத்தில் அதையும் சேர்க்க நீங்கள் ஒத்துக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறோம், மறந்துவிடக் கூடாது!

வகுப்பின் சாதாரணப் பிள்ளைகளையும் அனுப்பிய தலைமையாசிரியர்களுக்கு நன்றி. "பிரச்சினைப் பிள்ளைகள்" மட்டும் என்று ஒரு கூட்டத்தைச் சேர்த்தால் ஒருவருக்கொருவர் பாடம் எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய ஓர் உதவித் திட்டத்தில், கோடை முகாம்களுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களே பிற்காலத்தில் அதிகம் கெட்டிருந்தார்கள். முத்திரை குத்துவதே பிள்ளையை அந்தப் பக்கம் தள்ளும் என்று சிறார் குற்றத் தடுப்புக்கான ஐ.நா.வின் 1990ஆம் ஆண்டு ரியாத் வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. அதனால்தான் பேனரில் "திருந்தியவர்கள்" என்று போடச் சொன்னவர்களிடம் மறுத்தோம். முகம் தெரியும் படம் கேட்காமல் பணம் கொடுத்த நன்கொடையாளர்களுக்கு இரட்டை நன்றி. ஒரே நாளில் நூறு ஜெர்சி கொடுப்பவரைவிட, மாதாமாதம் விளக்குக் கட்டணத்தைச் சத்தமில்லாமல் கட்டுபவரால்தான் மூன்றாம் ஆண்டும் கதவு திறக்கிறது.

சீருடை இல்லாமல் வந்து ஆடி, வழக்கு பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போன காவலர்களே, நீங்கள் கேட்காததுதான் உதவி. பயிற்சியாளர் உளவு சொல்கிறார் என்ற பேச்சு ஒருநாள் கிளம்பினால் போதும், மறுநாள் மைதானம் காலி. ஒரு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வோம். அதை முதல் நாளே எல்லோருக்கும் தெரியும்படி சொல்லியும் வைத்திருக்கிறோம்.

வருகைப் பதிவேட்டைப் பார்த்த அக்காக்களே, இரண்டாம் நாள் வராவிட்டால் அன்று மாலையே வீட்டுக்கு ஒரு போன் என்ற வழக்கத்தை விடாதீர்கள். மூன்றாம் நாள் என்றால் பிந்திவிடும்.

காற்றடிக்கும் ஊசிகள் நான்கு யாரிடமோ இருக்கின்றன. வலை கட்டும் நாளன்று கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
பயிற்சிக் குழுவினர்