நாலாம் குறுக்குத் தெருவில் அசையாமல் நின்ற எல்லாருக்கும்

போன ஞாயிறு கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் புகைப்பட வகுப்புப் பிள்ளைகளின் படக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. 11 பிள்ளைகள், ஆளுக்கு 5 படம், அந்த 5 படத்துக்குள் ஒரு கதை. எல்லாருக்கும் நேரில் நன்றி சொல்ல நினைத்திருந்தேன், ஆனால் கதிரை அடுக்கி, மண்டபத்தைக் கூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு வருவதற்குள் பாதிப் பேர் போய்விட்டீர்கள். அதனால்தான் இந்த மடல். யாருடைய பெயரையும் போடவில்லை, வாசிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதலில் கமரா தந்தவர்கள். அலுமாரிக்குள் சும்மா கிடந்த பழைய டிஜிட்டல் கமராக்கள் 6 வந்து சேர்ந்தன. ஒன்றுக்கு சார்ஜர் இல்லை. அதற்காகப் புறக்கோட்டை நடைபாதைக் கடைகளில் இரண்டு பின்னேரம் அலைந்து தேடிப் பிடித்துத் தந்த தம்பிக்குத் தனி நன்றி. போன் இருக்கும்போது கமரா எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். போனைக் கொடுத்தால் பிள்ளை கண்மூடித் திறப்பதற்குள் நாற்பது படம் எடுத்துவிடும். நாங்கள் ஒரு நாளைக்கு 12 படம்தான் என்று கணக்கு வைத்தோம். அதன்பிறகுதான் அழுத்துவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று பார்க்கப் பழகினார்கள்.

பின்பக்க அறையைத் தந்த சிஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வது? அறையையே ஒரு பெரிய கமராவாக்க யன்னல் எல்லாவற்றையும் கறுப்புப் பொலித்தீனால் மூடப் போகிறோம் என்றதும் வேறு யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள், நீங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பொலித்தீனில் ஐந்து ரூபாய் குற்றி அளவுக்கு ஓர் ஓட்டை போட்டோம். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் எடுத்தது. அப்புறம் எதிர்ச் சுவரில் தெரு முழுக்கத் தலைகீழாக வந்து விழுந்தது, ஓட்டோ, மரம், குடை பிடித்துப் போன ஒரு மாமி, எல்லாம் நிறத்தோடு, அசைந்தபடி. ஒளி நேர்கோட்டில் வருவதால் மேலே இருந்து வருவது ஓட்டை வழியாகக் கீழே விழுகிறது என்று நான் விளக்கிக்கொண்டிருக்க, ஒருத்தன் குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்து "இப்ப நேரா தெரியுது டீச்சர்" என்றான். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கனவைப் படமெடுக்கச் சொன்ன பயிற்சி என்னுடையது இல்லை. 1970களில் அமெரிக்காவில் கென்டக்கி மலைக் கிராமங்களில் வெண்டி இவால்ட் என்ற புகைப்படக் கலைஞர் பள்ளிப் பிள்ளைகள் கையில் கமராவைக் கொடுத்து, தங்களையும் குடும்பத்தையும் கனவுகளையும் எடுக்கச் சொன்னார். அதைத்தான் நாங்கள் தொடர்மாடி மொட்டை மாடியில் செய்தோம். கனவில் பறந்த பிள்ளைக்காகத் தன் கூறைச் சேலையை எடுத்துத் தந்த அம்மாவை மறக்கவே மாட்டேன்.

இனி புறக்கோட்டையில் மொத்தக் கடைகள் இருக்கிற நாலாம் குறுக்குத் தெரு. எங்கள் பையன் ஒருவனின் அப்பா அங்கே நாட்டாமி, மூட்டை தூக்குகிறார். விடியமுதல் மகனையும் கூட்டிப் போக அவர் சம்மதித்தார், மூட்டைகளுக்கு நடுவே ஒரு சின்னவன் கமராவோடு நிற்க முதலாளிமார் இடம் விட்டார்கள், வண்டில் தள்ளுகிற அண்ணாமார் சுமையோடேயே இரண்டு நொடி அசையாமல் நின்றார்கள். அந்தப் பாரத்தோடு இரண்டு நொடி என்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவன் எடுத்தவை: வெறும் வண்டில், அப்பாவின் தோளில் காய்த்துப்போன இடம், வெங்காயச் சருகு ஒட்டிய கை, பிளேன்டி (பால் விடாத தேநீர்), வீட்டில் பாயில் தூங்குகிற அப்பா. வரிசைப்படுத்தச் சொன்னபோது தூங்குகிற படத்தை முதலில் வைத்தான். கடைசியில்தானே வரவேண்டும் என்றேன். "இல்லை, நான் அப்பாவைக் காணுறது இப்படித்தான், மற்றதெல்லாம் இப்பதான் பார்த்தனான்" என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் வைத்த வரிசையிலேயே தொங்கின.

படம் அடித்துத் தந்த ஸ்டூடியோ அண்ணா, காகிதச் செலவை மட்டும் வாங்கினீர்கள். அதைவிடப் பெரிய உதவி, ஒரு முகத்தையும் வெள்ளையாக்காமல் உள்ளபடியே அடித்துத் தந்தீர்கள். கேட்டது நான்தான், ஆனால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் புரிந்துகொண்டீர்கள். படக் குறிப்புகளைச் சிங்களத்தில் எழுதித் தந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நன்றி.

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது முதலில் பேசியிருந்த இடம் கைவிட்டுப் போனது. அன்று இரவு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால், சிஸ்டர் மண்டபத்தைத் திறந்தார், அம்மாமார் கொடிக்கயிறும் துணி கிளிப்பும் கொண்டுவந்தார்கள், ஒருவர் நூறு பணிஸ் வாங்கி வந்து வைத்துவிட்டு யாரென்று சொல்லாமலே போய்விட்டார்.

55 படம் வரவேண்டும், தொங்கியது 52. படத்தில் இருப்பவர் சரி சொல்லாமல் எதையும் தொங்கவிடுவதில்லை என்று முதல் நாளே பிள்ளைகளோடு பேசி முடிவெடுத்திருந்தோம். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அதில் ஓர் அம்மா, மகள் எடுத்த படம் அழகாக இருக்கிறது, ஆனால் வீட்டுக்குள் ஒழுகுகிற இடத்தை ஊர் பார்க்க வேண்டாம் என்று நேராகச் சொன்னார். மனம் திறந்து சொன்னதற்கு உங்கள் மூவருக்கும் நன்றி. அந்த இடங்களில் கிளிப்பை மட்டும் வெறுமனே விட்டோம், பிள்ளைகள் கேட்டதன்பேரில்.

படத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அடித்தாயிற்று. பாதி இன்னும் என் கையில் இருக்கிறது. நாலாம் குறுக்குத் தெரு முனையில் பிளேன்டி ஊற்றுகிற ஐயா, உங்களுடையதை ஈரம் படாமல் கவருக்குள் போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு வருகிறோம், பையன்தான் கொண்டுவந்து தருவான்.