தலைவர் பதவிக்கு நான் நிற்கிறேன், நீங்களும் நில்லுங்கள்

நம் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் அம்மா அப்பாக்களுக்கும், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி தாத்தாக்களுக்கும் வணக்கம்.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் அமைத்த குழுவுக்கு இரண்டு வருடம்தான் ஆயுள். அடுத்த குழுவின் தலைவர் பதவிக்கு நான் நிற்கப் போகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தத் திறந்த மடல். கூடவே ஒரு வேண்டுகோளும் இருக்கிறது: என்னை எதிர்த்து இன்னொருவராவது நில்லுங்கள்.

"இதற்கெல்லாம் ஒரு தேர்தலா?" என்று சிலர் சிரிப்பார்கள் என்று தெரியும். போன முறை எப்படி நடந்தது என்பது வந்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தலைமை ஆசிரியர் சார் குழுவைப் பற்றிப் படித்துக் காட்டினார். பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு அக்காவின் பெயரைச் சொன்னார்கள். நாலைந்து பேர் "சரி சரி, அவங்களே இருக்கட்டும்" என்றார்கள். கை தட்டினோம், டீ குடித்தோம், பருத்திக் காட்டுக்குக் கிளம்பிவிட்டோம். அந்த அக்காவே எதிர்பார்க்காமல் தலைவர் ஆனார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என்ன செய்யப் போகிறீர்கள் என்று நாம் யாரும் அவரிடம் கேட்கவே இல்லையே, அப்புறம் எதை வைத்துக் குறை சொல்வது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, பள்ளி மேலாண்மைக் குழு வேறு. ஆண்டு விழாவுக்கு நன்கொடை கேட்டு வருபவர்கள் கழகத்தார். மேலாண்மைக் குழு சட்டத்தால் வந்தது. 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் தலைவராக வருபவர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 2022இல் குழுவை மாற்றி அமைத்தபோது 20 பேர் இருந்தார்கள். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள்.

இந்தக் குழுவுக்கு என்ன வேலை? பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதுவது. சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது இந்த மூன்றுதான். ஆனால் இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் பள்ளியில் மாறாமல் இருப்பது எதுவும் இல்லை.

பணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் நாம் கேட்கக் கூச்சப்படுகிறோம். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் கீழ் பள்ளிக்கு ஆண்டுதோறும் ஒரு மானியம் உண்டு, பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து. 30 பேர் வரை இருந்தால் 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். நம் பள்ளியில் 140 பிள்ளைகள், ஆகவே 50,000. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். அதாவது 5,000 ரூபாய். பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட எவ்வளவு ஆகும்? என் மகள் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்குப் போகிறாள். உங்கள் மகளும் அப்படித்தான் போகிறாள், கேட்டுப் பாருங்கள்.

50,000 பெரிய தொகை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாக்பீஸ், பதிவேடு, குழாய் ரிப்பேர், மின்விசிறி என்று அது கரைவது தெரியாது. இதுவும் நேரத்துக்கு வருவதில்லை. 2024-25இல் பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்துப் போடவில்லை என்று, ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். டெல்லியும் சென்னையும் மல்லுக்கு நின்றால் நம் ஊர்ப் பள்ளியில் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால்தான் குழு என்று ஒன்று விழித்திருக்க வேண்டும் என்கிறேன். வராத பணத்தை ஏன் வரவில்லை என்று எழுத்தில் கேட்பதும், வந்த பணத்துக்குக் கணக்குக் கேட்பதும் அதன் வேலை. சார் மேல் சந்தேகம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ரசீதுகளை வருடத்துக்கு இரண்டு முறை எல்லோர் முன்னாலும் விரித்து வைத்துவிட்டால் அவருக்கும் நிம்மதிதானே.

அடுத்தது ஆசிரியர்கள். எனக்கு அதிக ஆத்திரம் வருகிற இடம் இதுதான். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் கணக்குத் தெளிவாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு இரண்டு பேர், 90 வரை மூன்று பேர், 120 வரை நான்கு பேர். ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது இருக்க வேண்டும், அவர்களுக்குள் அறிவியலும் கணக்கும் ஒருவர், சமூக அறிவியல் ஒருவர், மொழிப்பாடம் ஒருவர். நம் பள்ளியில் தொடக்க வகுப்புகளில் 95 பேர், மேல் வகுப்புகளில் 45 பேர். நான்கும் மூன்றும் ஏழு. இருப்பவர்கள் ஐந்து. மேல் வகுப்புகளுக்கு இருவர்தான். என் பெரிய மகள் ஆறாம் வகுப்பு. அறிவியல் புத்தகத்தை அவள் வீட்டில்தான் முதல் முறையாகத் திறக்கிறாள்.

இதற்குக் குழு என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். 2022இல் மாநிலம் முழுக்க 13,331 காலியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப அரசு முடிவு செய்தபோது, அந்த நியமனத்தை ஒப்படைத்தது பள்ளி மேலாண்மைக் குழுக்களிடம்தான். இடைநிலை ஆசிரியருக்கு 7,500 என்று தொடங்கிய தொகுப்பூதியம் பிறகு 12,000 ஆனது. பட்டதாரி ஆசிரியருக்கு 15,000. இந்தச் சம்பளத்துக்கு நிரந்தர வேலையைச் செய்ய வைப்பது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். அது வேறு வழக்கு. ஆனால் அப்படி ஒரு நியமனம் நம் பள்ளிக்கு வரும்போது தலைவர் யாருடைய மருமகள் என்று பார்ப்பாரா, யாருக்குப் பாடம் நடத்த வரும் என்று பார்ப்பாரா? நாம் கை தட்டி அனுப்பிவிடுகிற பதவிக்கு இந்த அதிகாரம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

மேம்பாட்டுத் திட்டம் பற்றியும் கொஞ்சம். அது மூன்று வருடத்துக்கான திட்டம். என்ன தேவை, எத்தனை பிள்ளைகளுக்கு, எவ்வளவு ஆகும் என்று குழு உட்கார்ந்து எழுத வேண்டியது. அதை ஏற்றுவதற்கும் கூட்ட வருகையைப் பதிவதற்கும் கைபேசியில் ஒரு பெற்றோர் செயலி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு டீச்சரே கையில் போனை வைத்துக்கொண்டு எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டுவிடுகிறார். பாவம், அவருக்கும் வேறு வழியில்லை, நாம் வந்தால்தானே.

நாம் ஏன் வருவதில்லை? கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் களை எடுக்கப் போனவள் பாதிக் கூலியை விட்டுவிட்டு வருவாளா? சுற்றறிக்கை எழுதியவர்களுக்கு வெள்ளிக்கிழமை வசதியாக இருந்திருக்கலாம். நான் தலைவரானால் முதல் தீர்மானமே, வழக்கமான கூட்டம் போக, மாதத்தில் ஒரு நாள் இரவு ஏழு மணிக்குக் கோயில் திடலில் ஒரு மணி நேரம் உட்கார்வோம் என்பதுதான். அரசுக் கணக்கில் அது வராமல் போனாலும் போகட்டும். அங்கே பேசியதை வெள்ளிக்கிழமை தீர்மானமாக எழுதிக்கொள்ளலாம்.

கோயில் திடல் என்று சொன்னதுமே காலனியில் இருக்கும் சகோதரிகள் என்ன நினைப்பார்கள் என்று தெரியும். ஒரு மாதம் திடலில் என்றால் அடுத்த மாதம் காலனி சமுதாயக் கூடத்தில். பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் குழுவில் இருக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ளது. பிள்ளைகளில் பாதிக்கு மேல் காலனியிலிருந்து வரும்போது, "ரெண்டு பேரைப் போட்டுக்கோங்க" என்று பெரிய மனசோடு சொல்கிற பேச்சு இனி வேண்டாம். மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பெற்ற மூன்று வீடுகளுக்கும் நானே நேரில் வருகிறேன். சாய்தளம் எங்கே வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிவதுபோல வேறு யாருக்கும் தெரியாது.

இன்னொரு விஷயத்தை நேராகவே சொல்கிறேன், அண்ணன்மார் கோபித்துக்கொள்ளக் கூடாது. பஞ்சாயத்தில் பெண்களுக்குப் பாதி இடம் வந்த பிறகும் பல ஊர்களில் தலைவரின் நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் உட்கார்கிறார். குழுவிலும் அது நடக்கிறது. அக்கா கையெழுத்துப் போடுவார், மாமா பேசுவார். என் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். கூட்டத்துக்கு அவர் ஒரு பெற்றோராக வரலாம், எனக்காகப் பேச வரக்கூடாது. "அப்போ டீ மட்டும் குடிச்சுட்டு வரேன்" என்றார். சரி, அது போதும்.

நான் பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன். வீட்டில் தையல் மிஷின் போடுகிறேன். "இவளுக்கு என்ன தெரியும்" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அளவு எடுக்கத் தெரியும், கணக்கு எழுதத் தெரியும், கேள்வி கேட்கத் தெரியும். மகளிர் குழுவில் கடன் பதிவேட்டை இத்தனை காலமாக எழுதி வருகிறேன், வங்கி மேலாளர் ஒரு தடவையும் திருப்பி அனுப்பியதில்லை. பிள்ளைகள் ஆறாவதிலும் மூன்றாவதிலும் இருக்கிறார்கள் என்பதால் இரண்டு வருடமும் நான் இந்தப் பள்ளியின் பெற்றோர்தான். எட்டாம் வகுப்பில் மட்டும் பிள்ளை வைத்திருப்பவரைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த ஜூனிலேயே வேறு ஆளைத் தேட வேண்டி வரும், இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்து நிற்கச் சொல்வது ஏன் என்று என் தம்பியே கேட்டான். யாரும் எதிர்க்காமல் வந்த தலைவரை யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். "நாங்க சொல்லி வந்தவங்க" என்று விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் "அவங்களாத்தானே வந்தாங்க" என்று விட்டுவிடுவார்கள். இரண்டு பேர் நின்றால் இரண்டு பேரும் எல்லோர் முன்னாலும் ஐந்து நிமிடம் பேசியாக வேண்டும். பேசியதை ஊர் ஞாபகம் வைத்திருக்கும். மேலத்தெருவில் ஒரு அக்கா நன்றாகப் பேசுவார், காலனியில் இல்லம் தேடிக் கல்வியில் பாடம் சொல்லிக்கொடுத்த தங்கை ஒருத்தி இருக்கிறாள். இரண்டு பேருக்கும் இங்கே படிக்கும் பிள்ளைகள் உண்டு. பெயர் சொல்லி மாட்டிவிட மாட்டேன், அவர்களுக்கே தெரியும். அவர்களில் ஒருவர் ஜெயித்தால் நான் உறுப்பினராக உட்கார்ந்து வேலை பார்ப்பேன். தோற்றதற்காகக் கூட்டத்துக்கு வராமல் இருக்க மாட்டேன்.

தலைமை ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். தேதியைப் பிள்ளைகள் வழியாக முந்தின நாள் சீட்டுக் கொடுத்து அனுப்பாமல், ஒரு வாரம் முன்பே ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் ஒட்டச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேல் பெயர் வந்தால் கை தூக்கச் சொல்லாமல் சீட்டில் எழுதிப் போட விடுங்கள். யாருக்குக் கை தூக்கினோம் என்று பார்த்துக் கடன் கொடுக்கிறவர்களும் வேலைக்குக் கூப்பிடுகிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு, நிற்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் என்று சீட்டுக் கொடுத்துவிடலாம், துணிக்கு அளவு வெட்டிய வண்ணக் காகிதம் மிச்சம் என் வீட்டிலேயே இருக்கிறது.

குழு எடுக்கும் பெரிய தீர்மானங்களைக் கிராம சபையிலும் வைக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு தடவை அது கூடுகிறது. சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி போன்றவை ஊராட்சி கையில் இருப்பதால் அங்கே கேட்டால்தான் நடக்கும். அவசரமான புகார் என்றால் 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது, அதற்குத் தலைவர் அனுமதி தேவையில்லை.

கூட்டத்தன்று ஆதார் நகல், போட்டோ என்று எதையாவது தேடிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், வந்தால் போதும். தீர்மானப் புத்தகம் உங்கள் கைக்கு வரும்போது, மேலே எழுதியிருப்பதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் தலைவராக இருந்து நீட்டினாலும் அப்படியே செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு மாணவிகளின் அம்மா