லினக்ஸ் பென்டிரைவும் உரிம நிபந்தனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைகளில் ஒதுக்கிவைக்கப்பட்ட பழைய கணினிகளுக்கு லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிக்கொடுக்கும் இளைஞர்கள் சிலரை நான் அறிவேன். அவர்களிடையே கைமாறும் பென்டிரைவ் ஒன்றை அண்மையில் கல்லடியில் பார்க்கக் கிடைத்தது. லினக்ஸின் வழங்கல்களில் (பயன்படுத்தத் தயாராகத் தொகுத்த வடிவங்களில்) ஒன்றான உபுண்டுவின் நிறுவல் வட்டைத் திருத்தி, மைக்ரோசொப்ட் எழுத்துருக்களையும் வேறு சில தனியுரிம மென்பொருள்களையும் அதற்குள்ளேயே சேர்த்து, "எல்லாம் உள்ளே இருக்கிறது, இணையம் தேவையில்லை" என்று உறையில் எழுதியிருந்தார்கள். இணைப்பு விட்டுவிட்டு வரும், மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைப் பாடசாலைகளுக்கு இது பேருதவிதான். ஆயினும், இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கும் மென்பொருளைப் பிறருக்குப் பொதிசெய்து வழங்கும் உரிமையும் நமக்கு உண்டு என்ற எண்ணம் பிழையானது. நமது இலங்கை நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது.

எழுத்துருக்களையே எடுத்துக்கொள்வோம். ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் முதலியவற்றை ஒரு காலத்தில் இலவசமாகத் தந்த மைக்ரோசொப்ட், 2002 இல் அவற்றைத் தன் தளத்திலிருந்து நீக்கிவிட்டது. எனினும், அன்று வழங்கிய உரிமத்தின்படி, முதலில் வெளியான அதே இஎக்ஸ்இ (விண்டோஸ் நிறுவல்) கோப்புகளை எதையும் மாற்றாமல் மறுவிநியோகம் செய்யலாம். பிரித்தெடுத்த எழுத்துருக்களை வழங்க முடியாது. ஆகவே டெபியன், உபுண்டு ஆகிய வழங்கல்களில் இவ்வெழுத்துருக்களுக்கென உள்ள பொதிக்குள் (நிறுவுவதற்கான மென்பொருள் தொகுப்புக்குள்) ஓர் எழுத்துருகூடக் கிடையாது. அதிலிருப்பது ஒரு சிறு நிரல் மட்டுமே. அது பயனரின் கணினியில் உரிமத்தைக் காட்டிச் சம்மதம் பெற்ற பின்னரே மூலக் கோப்புகளை இறக்கி, அங்கேயே பிரித்து வைக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் நிறுவும்போது உரிம வாசகம் திரையை நிறைத்து நிற்கும். மவுஸ் வேலை செய்யாது. டேப் விசையைத் தட்டி 'ஓகே' என்ற இடத்துக்கு வந்து என்டர் கொடுக்க வேண்டும். கணினி இறுகிவிட்டது என்று நினைத்து இவ்விடத்தில் மின்சாரத்தையே நிறுத்திய மாணவர்கள் என்னிடம் உண்டு. அந்தத் திரையைத் தவிர்ப்பதற்காகவே பென்டிரைவில் எழுத்துருக்களைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் என நினைக்கிறேன்.

இதை நான் குறையாக மட்டும் சொல்லவில்லை. நானும் அதே தவறைச் செய்தவன். சண் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2006 இல் தனி உரிமம் ஒன்றை வெளியிட்டு, தன் ஜாவா என்னும் நிரல் இயக்க மென்பொருளைப் பொதிசெய்ய லினக்ஸ் வழங்கல்களுக்கு அனுமதி கொடுத்தது. அந்த அனுமதி எனக்கும் சேர்த்துத்தான் என்று எண்ணி, நான் திருத்தியமைத்த வட்டிலும் ஜாவாவைச் சேர்த்துப் பலருக்குக் கொடுத்தேன். சண்ணை வாங்கிய ஒரக்கிள் 2011 இல் அந்த உரிமத்தை முடித்துக்கொண்டதும், வழங்கல்கள் அப்பொதியைத் தம் மென்பொருள் களஞ்சியங்களிலிருந்து எடுத்துவிட்டன. என் வட்டுகளைத் திரும்பப் பெற எனக்கு வழியிருக்கவில்லை. பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராத பழைய ஜாவா அந்தக் கணினிகளில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

இணையமில்லாத பாடசாலைக்கு முறையான வழிகள் இல்லாமலில்லை. மூல இஎக்ஸ்இ கோப்புகளை அப்படியே தனிக் கோப்புறையில் கொண்டுபோய், அந்தந்தக் கணினியிலேயே பிரித்துக்கொள்ளலாம். அதனினும் எளிது, ரெட் ஹெட் (Red Hat) என்னும் லினக்ஸ் நிறுவனம் 2007 இல் வெளியிட்ட லிபரேஷன் எழுத்துருக்களைச் சேர்ப்பது. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் ஆகியவற்றின் எழுத்தகலங்களே இவற்றுக்கும் என்பதால் வினாத்தாளின் வரிகள் இடம் மாறுவதில்லை. தமிழுக்கு லோகித் எழுத்துரு இருக்கிறது. இவற்றைத் தாராளமாகப் பகிரலாம். திருத்திய வட்டை, உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தின் ஒப்புதலின்றி உபுண்டு என்ற பெயரில் வழங்க முடியாது என்பதையும் அந்த இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அடுத்த பிரதியை எடுக்கும் முன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொதியின் உரிமக் கோப்பையும் ஒருமுறை திறந்து வாசிக்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்; வாசித்து விளங்கிக்கொள்ள உதவி வேண்டுமெனில், மாலை வேளைகளில் உடனிருக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.