அவளுடைய கைகளின் பலன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவிலியத்தின் ஞான நூல்கள் உழைப்பைப் பற்றிக் கற்பிப்பதை விளக்கிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைக் கவனத்தோடு வாசித்தேன். சோம்பேறியை எறும்பினிடத்தில் அனுப்பும் நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்தையும், சுறுசுறுப்புள்ளவன் கை செல்வத்தை உண்டாக்கும் என்னும் 10ஆம் அதிகார வசனத்தையும் ஆதாரமாகக் கொண்டு, உழைத்தவர் உயர்ந்திருக்கிறார்கள், தாழ்ந்திருப்பவர்கள் உழைக்காதவர்கள் என்ற முடிவுக்கு அக்கட்டுரை வந்து சேர்ந்தது. பள்ளியில் நெடுங்காலம் தையல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். விடிவதற்கு முன் எழுந்து விளக்கு வைத்த பிறகும் கை ஓயாத பெண்கள் கடைசிவரை ஏழைகளாகவே இருந்ததை அறிந்தவள் என்பதால், அந்த முடிவை வேதத்தின் பெயரால் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஞான நூல்கள் கைத்திறனைச் செல்வத்துக்கு வழியாக மட்டும் காண்பதில்லை. அதையே ஞானத்தின் ஒரு வடிவமாகக் காண்கின்றன, ஆகவே அதற்குரிய பலனையும் மதிப்பையும் கொடுக்கும்படி மற்றவர்களுக்குக் கட்டளையிடுகின்றன என்பதே என் வாசிப்பு.

இந்த எண்ணம் நீதிமொழிகளுக்கு முன்பே வேரூன்றியது. யாத்திராகமத்தில் இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமாகிய ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்ய யூதா கோத்திரத்துப் பெசலெயேல் பேர்சொல்லி அழைக்கப்படும்போது, அவன் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டு ஞானமும் புத்தியும் அறிவும் பெற்றான் என்று சொல்லப்படுகிறது. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், இரத்தினம் முத்திரையாக வெட்டவும், மரத்தில் சித்திரம் செதுக்கவுமே அந்த ஞானம் அருளப்பட்டது. ஆசாரியனாகிய ஆரோனுக்கு உடை தைப்பவர்களைப் பற்றி 28ஆம் அதிகாரம் கூறுவது எனக்கு இன்னும் நெருக்கமானது: அந்தத் தையல்காரர்களை ஞானத்தின் ஆவியால் நிரப்பியவர் தாமே என்று கர்த்தர் சொல்கிறார். 35ஆம் அதிகாரத்தில் பெண்கள் வெள்ளாட்டு மயிரைத் திரிக்கிறார்கள். ஆட்டு ரோமத்தைப் போலப் பற்றிக்கொள்ளாமல் விரலிலிருந்து நழுவுகிற அந்த மயிரை நூலாக்கியவர்களின் இருதயமும் ஞானத்தால் எழுப்பப்பட்டதாக நூல் சொல்கிறது. பிரசங்க பீடத்திலிருந்து ஞானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதிகளைத் தொடுவது அரிது.

எருசலேமில் கி.மு. 180 வாக்கில் எழுதப்பட்டு, பின்னர் ஆசிரியரின் பேரனால் எகிப்தில் கிரேக்கத்துக்குக் கொண்டுவரப்பட்ட சீராக்கின் ஞானத்தைச் சீர்திருத்தச் சபையாராகிய நாங்கள் பெரும்பாலும் வாசிப்பதில்லை. கத்தோலிக்க விவிலியத்தில் அது இடம்பெற்றிருக்கிறது. அதன் 38ஆம் அதிகாரம் உழவர், முத்திரை வெட்டுபவர், கொல்லர், குயவர் ஆகியோரை ஒவ்வொருவராக நம் முன் நிறுத்துகிறது. உலையின் அனல் கொல்லனின் உடலை வாட்டுவதையும், சம்மட்டி ஓசை அவன் காதை நிறைப்பதையும், அப்போதும் அவன் கண் செய்யவேண்டிய வடிவத்தைவிட்டு அகலாததையும், குயவன் காலால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே கையால் மண்ணை வனைவதையும் எழுதியவர் பட்டறையில் நின்று பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே எகிப்தின் எழுத்தர் பள்ளிகளில் மாணவர்கள் படியெடுத்த ஒரு பாடம், கைத்தொழிலாளர் ஒவ்வொருவரையும் இகழ்ந்து, எழுத்தனாவதே மேல் என்று முடிவு கட்டியது. நெசவாளி முழங்கால் வயிற்றில் முட்ட மூச்சுக் காற்றுக்கும் வழியின்றி அடைந்து கிடப்பதாக அது ஏளனம் செய்தது. சீராக் அப்படி ஏளனம் செய்யவில்லை. இவர்கள் இல்லாமல் எந்த நகரமும் குடியிருப்பாகாது என்றும், உலகத்தின் கட்டமைப்பைத் தாங்குகிறவர்கள் இவர்களே என்றும், தொழிலைச் செய்வதே இவர்களுடைய மன்றாட்டு என்றும் கூறுகிறார். ஆனால் அதே அதிகாரத்தில், ஆலோசனை சபையில் இவர்களைத் தேடமாட்டார்கள், நீதியிருக்கையில் இவர்கள் அமர்வதில்லை என்றும் எழுதுகிறார். அவரும் ஓர் எழுத்தர்தான். ஊரைத் தாங்குகிறவர்களுக்கு ஊர்ச் சபையில் இடம் இல்லாததைச் சொல்லிவிட்டு அவர் அப்படியே கடந்துபோவதை நான் குறையாகவே கருதுகிறேன்.

நீதிமொழிகளின் கடைசி அதிகாரம் இங்கே அவரைவிட ஒரு படி முன்னே நிற்கிறது. லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் உபதேசித்த வாக்கியங்களை அடுத்து, குணசாலியான ஸ்திரீயைப் பாடும் அந்தக் கவிதையின் 22 வசனங்களும் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை வரிசையாக முதலெழுத்தாகக் கொண்டவை. யூதக் குடும்பங்களில் வெள்ளி மாலை ஓய்வுநாள் உணவுக்கு முன் இதைப் பாடும் வழக்கம் இன்றும் உண்டு. நம் திருமண ஆராதனைகளிலும் இது வாசிக்கப்படுகிறது, ஆனால் மணப்பெண்ணுக்கான அறிவுரையாக மட்டுமே. கவிதை அவள் கைகளையே பின்தொடர்வதைக் கவனிக்க வேண்டும். ஆட்டு ரோமத்தையும், சணல் என்று நாம் வாசிக்கும் ஆளிநாரையும் அவள் தேடுகிறாள். அன்றைய இஸ்ரவேலில் ராட்டை இல்லை. நம் தக்ளியைப் போன்ற கைக்கதிரில்தான் நூற்றார்கள். அந்தக் கதிர்களின் வட்டுகளும் தறியின் மண் எடைகளும் அந்நாட்டு அகழாய்வுகளில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆளிச்செடியைப் பிடுங்கி, காயவைத்து, நீரில் ஊறவைத்து, அடித்து, சீவி எடுத்த பிறகே நார் கிடைக்கும். எரிகோ நகரத்து ராகாப் என்னும் பெண் இஸ்ரவேலரின் வேவுகாரரை ஒளித்துவைத்தது வீட்டின்மேல் பரப்பியிருந்த அத்தகைய தட்டைகளுக்குள்ளே. நூற்றதையும் நெய்ததையும் அவளே விற்கிறாள், கச்சைகளை வர்த்தகரிடத்தில் ஒப்புவிக்கிறாள், வருமானத்தைக் கொண்டு திராட்சத்தோட்டம் நாட்டுகிறாள். கதிரைப் பிடிக்கிற அதே கை, அடுத்த வசனத்திலேயே ஏழைக்கு நீள்கிறது. 19, 20ஆம் வசனங்களைச் சேர்த்து வாசிக்கும்போதெல்லாம் கைத்தொழிலைப் பற்றி இதைவிட அழகாக எவரும் எழுதியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கவிதை அவளுக்கு அறிவுரை கூறி முடியவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிற ஊராரை நோக்கித் திரும்பி, “அவளுடைய கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள், அவளுடைய செய்கைகள் வாசல்களில் அவளைப் புகழக்கடவது” என்கிறது. வாசல் என்பது மூப்பர் கூடி வழக்குத் தீர்த்த நகர வாசல். சீராக் தொழிலாளிக்குத் தராமல் விட்ட அந்த இடத்தில் அவள் செய்த வேலை போய்ப் பேச வேண்டும் என்று கவிதை கேட்கிறது. அதிகாரத்தின் கடைசிக் கட்டளையான இதை நாம் மூச்சுவிடாமல் கடந்துவிடுகிறோம்.

கட்டுரையாளர் மேற்கோள் காட்டாத வேறு வசனங்களும் உண்டு. ஏழைகளின் வயல் ஏராளமாய் விளைவித்தும் நியாயம் கிடையாமல் கெட்டுப்போகிறவர்கள் உண்டு என்று நீதிமொழிகள் 13ஆம் அதிகாரமே ஒப்புக்கொள்கிறது. கூலியாளின் கூலியைப் பறிப்பதை இரத்தம் சிந்துவதற்குச் சமமாகச் சீராக் வைக்கிறார். வேலைத்திறமை மனிதருக்குள் பொறாமையைக் கிளப்புவதைப் பிரசங்கி என்னும் ஞான நூலின் ஆசிரியர் துயரத்தோடு கவனித்து, வருத்தத்தோடு இரு கை நிறையக் கொண்டிருப்பதைவிட அமைதியோடு ஒரு கை நிறைவது நலம் என்கிறார். இவற்றை விலக்கிவிட்டு எறும்பை மட்டும் எடுத்துக்கொண்டால், ஞான நூல் முதலாளியின் கையில் பிரம்பாகிவிடும்.

எங்கள் வட்டாரத்துக்கு இதில் ஒரு வரலாற்றுத் தொடர்பு உண்டு. 1820களில் லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அந்தத் தொழிலும் அங்கே சென்றது. திண்டில் குத்திய ஊசிகளைச் சுற்றி, சிறு மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றி முறுக்கிப் பின்னும் வேலை அது. கண்ணும் விரலும் ஒருகணம் பிசகினாலும் பூ கலைந்துவிடும். அடிமைத்தனம் சட்டப்படி நிலவிய அன்றைய திருவிதாங்கூரில் சில பெண்கள் லேஸ் வருமானத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலைக்கான விலையைச் செலுத்தினார்கள் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. கைகளின் பலன் செய்தவளுக்கே வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த லேஸைப் பற்றி எழுதுகிறவர்கள் மிஷனரி அம்மையார்களின் பெயர்களைச் சொல்கிறார்கள். பின்னியவர்களின் பெயர்களைச் சொல்வதில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தொடரின் அடுத்த கட்டுரைகளில் ஒன்றையாவது லேஸும் பூத்தையலும் செய்து வாழ்ந்த, இன்னும் செய்துவருகிற பெண்களுக்கு ஒதுக்குங்கள். அவர்களையே பேசவைத்து, எந்த வேலையை யாரிடம் கற்றார்கள், ஒரு மேசைவிரிப்புக்கு எத்தனை நாள் ஆகிறது, வாங்குகிறவர் கொடுக்கும் விலையில் அவர்கள் கைக்கு வருவது எவ்வளவு என்பதை, அவர்கள் இசைந்தால் அவர்களுடைய பெயரோடும் ஊரோடும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருவர்,
நாகர்கோவில்.