பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்

அன்பு மகளுக்கு,

சிலியாக் நோய்தான் என்று டாக்டர் உறுதிசெய்ததிலிருந்து, "இனி நான் என்னதான் சாப்பிடுவது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். போனில் பேசினால் பாதியில் உனக்கு ஆபீஸ் வேலை வந்துவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உன் சிறுகுடலைக் கெடுத்து, சாப்பாட்டின் சத்து உடம்பில் சேரவிடாமல் செய்கிறது; அதுதான் இந்த நோய்.

குருகிராமில் மூன்று வேளையும் ரொட்டியைப் பார்ப்பதால் உனக்கு அந்தக் கவலை. மாம்பலத்தில் நம் வீட்டுச் சமையலை நினைத்துப் பார். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, அடை, கொழுக்கட்டை எல்லாம் அரிசியும் பருப்பும்தான். கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு எதிலும் குளூட்டன் கிடையாது. கோதுமை, பார்லி, ரை என்ற வெளிநாட்டுத் தானியம் ஆகிய மூன்றும்தான் உனக்கு ஆகாதவை. மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமையின் பிள்ளைகள். சிறுவயதில் நீ விரும்பிக் குடித்த மால்ட் பானத்தில் பார்லி இருக்கிறது. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட பிஸ்கட்டுக்குக் கொட்டிக் கொடுக்கும் பணத்தில் நல்ல அரிசியும் உளுந்தும் வாங்கு.

நான் பயப்படுவது பெருங்காயத்துக்குத்தான். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் கோந்து, கோதுமை மாவு அல்லது மைதா என்று இருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய், மிளகாய்ப் பொடி என்று அது இல்லாத இடம் ஏது? இட்லி நல்லது என்று நம்பி, மேலே பொடியைத் தூவிச் சாப்பிட்டால் என்ன பயன்? அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. அம்மா இப்போது அதைத்தான் வாங்குகிறாள்.

அடுத்தது மாவு மில். முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்துவிட்டுப் போவார். இயந்திரத்துக்குள்ளும் மாவு விழும் துணிக்குழாயிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்து கொட்டும் நம் அரிசியோடு அதுவும் சேர்ந்து இறங்கும். அதனால் உனக்கான மாவை வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலிக்கிறோம்.

கேழ்வரகு சேமியா, சிறுதானிய நூடுல்ஸ் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதே. பலவற்றில் கோதுமையோ மைதாவோ கலந்திருக்கும். ஓட்டலில் ரவா தோசை வேண்டவே வேண்டாம். பூரி பொரித்த எண்ணெயில் போட்ட வடையும் வேண்டாம்.

"ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று கல்யாண வீட்டில் உபசரிப்பார்கள். அப்போது இந்தக் கதையை நினைத்துக்கொள். நெதர்லாந்தில் டிக்கி என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று அவருக்கு முன்பே சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில், போர்ப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்துவிட்டார்கள். ஊரே பட்டினி கிடந்த நேரத்தில் அந்தக் குழந்தைகள் தேறினார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் நாட்டு விதிப்படி, குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அவ்வளவு நுட்பமான கணக்கு இது. யார் மனம் கோணினாலும் பரவாயில்லை, வேண்டாம் என்று சொல்லிவிடு. கூச்சப்படாமல் சமையல்காரரையே கூப்பிட்டுக் கேள்.

பெருங்காயம் போடாத மிளகாய்ப் பொடியும், புதுத் தோசைக்கல்லும் பார்சலில் வருகின்றன. உன் தோழி சப்பாத்தி சுடும் கல்லில் நீ தோசை வார்க்க வேண்டாம். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. இரும்புச்சத்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த அன்றே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா